கேமராவைத் தாங்கும் பந்து: சிறிய பால்ஹெட்டின் பிடி எங்கிருந்து வருகிறது?

பத்து கிலோ தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஒரு சிறிய பால்ஹெட்டின் (ட்ரைபாட்டின் உச்சியில் கேமராவைப் பிடித்து, எந்தப் பக்கமும் சாய்க்க உதவும் பந்துத் தலை) மேல் ஒன்றரை கிலோ எடையுள்ள கேமராவையும் லென்ஸையும் பொருத்தி, முன்பக்கம் சாய்த்து, குமிழை நன்றாக இறுக்கிய பிறகும் படச்சட்டம் மெல்லக் கீழே இறங்குவதைப் பலரும் கண்டிருப்பார்கள். அந்தப் பத்து கிலோ பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எடையைத் தாங்குவது வேறு, சாய்வைத் தாங்குவது வேறு. பால்ஹெட்டின் உண்மையான வேலை இரண்டாவதுதான்.

அதன் உள்ளமைப்பு எளிமையானது. கேமராவைப் பிடிக்கும் தட்டுக்குக் கீழே ஒரு குட்டையான தண்டு, தண்டின் அடியில் அலுமினியப் பந்து, அந்தப் பந்தைச் சுற்றி ஒரு கிண்ணம். பக்கவாட்டுக் குமிழைத் திருகும்போது உள்ளே இருக்கும் சாய்வான துண்டு நகர்ந்து, பந்தின் அடியில் இருக்கும் இருக்கையை மேல்நோக்கித் தள்ளுகிறது. பந்து கிண்ணத்தின் மேல்விளிம்போடு நெருக்கப்படுகிறது. மண்வெட்டிக் காம்பில் அடிக்கும் ஆப்பு செய்யும் வேலைதான் இதுவும்: சிறிய தள்ளல் பெரிய நெருக்கமாக மாறுகிறது. பந்தை நிறுத்தி வைக்கப் பல்லோ கொக்கியோ இல்லை. முழுப் பொறுப்பும் உராய்வினுடையது.

எவ்வளவு உராய்வு வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒன்றரை கிலோ கேமராவின் ஈர்ப்பு மையம் பந்தின் மையத்திலிருந்து 12 செ.மீ. மேலே இருப்பதாகக் கொள்வோம். கேமரா நேராக நிற்கும்போது எடை முழுவதும் பந்தின் வழியாகச் செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. கவிழ்க்கும் திருப்புவிசை சுழியம். 45 பாகை சாய்த்தால் அது சுமார் 1.25 நியூட்டன் மீட்டராகிறது. பந்தின் விட்டம் 30 மி.மீ. என்றால் ஆரம் 15 மி.மீ. மட்டுமே. ஆகவே அதன் மேற்பரப்பில் ஏறத்தாழ 83 நியூட்டன் உராய்வு விசை எதிர்த்து நிற்க வேண்டும். உராய்வுக் குணகம் 0.2 என எடுத்துக்கொண்டால், பந்தை 400 நியூட்டனுக்கும் மேலான விசையால், அதாவது 40 கிலோ எடையை ஏற்றி வைத்ததற்கு நிகராக, நெருக்கியாக வேண்டும். திருகின் மரைகளும் உள்ளே இருக்கும் சாய்வும் விசையைப் பெருக்கித் தருவதால்தான் இரண்டு விரல்களால் இது முடிகிறது.

பெரிய பந்து நன்றாகப் பிடிப்பதற்குக் காரணம் தொடும் பரப்பு அதிகம் என்பதுதான் என்று நினைப்பது இயல்பு. ஆனால் உலர்ந்த பரப்புகளின் உராய்வு, தொடும் பரப்பளவைப் பெரிதும் சாராமல் நெருக்கும் விசையையே சார்ந்திருக்கிறது என்று 1699இல் பிரெஞ்சு அறிஞர் கியோம் அமோந்தோன் எடுத்துக்காட்டினார். பெரிய பந்துக்கு வாய்ப்பது நீளமான ஆரம், அவ்வளவுதான்: அதே உராய்வு விசை மையத்திலிருந்து தள்ளி நின்று எதிர்க்கிறது. இதற்கான விலை எடை. 30 மி.மீ. திண்ம அலுமினியப் பந்து 38 கிராம் என்றால், 54 மி.மீ. பந்து 220 கிராமைத் தாண்டிவிடும். பயணத்துக்கான தலைகள் சிறிய பந்தோடு நின்றுவிடுவது இதனால்தான், அது நியாயமான சமரசம் என்றே நான் கருதுகிறேன்.

சமரசத்தின் விளைவு நீண்ட லென்ஸில் தெரியும். பந்தின் மேற்பரப்பு 0.05 மி.மீ., அதாவது ஒரு மெல்லிய தலைமுடியின் பருமன் அளவு, நழுவினால் 15 மி.மீ. ஆரத்தில் அது ஏறத்தாழ 0.19 பாகைத் திருப்பம். 200 மி.மீ. லென்ஸ் வழியே பார்த்தால் பிம்பம் சென்சார் மீது 0.67 மி.மீ. நகரும்; 24 மெகாபிக்சல் முழுச்சட்டக் கேமராவில் இது 100 பிக்சலுக்கும் மேல். இந்த நழுவல் பெரும்பாலும் இறுக்கும் நொடியிலேயே நிகழ்கிறது: நெருக்கும் துண்டு ஒரு பக்கமிருந்து வருவதால், எல்லா இடமும் சீராகப் பொருந்தும்வரை பந்து சற்று ஒதுங்குகிறது. பிறகு கையை எடுத்ததும் எடை முழுவதும் தண்டின் மேல் விழுந்து, அது நுண்ணளவில் வளைகிறது. தளர்வான நிலையில் சட்டத்தை அமைத்துவிட்டு ஒரேயடியாக இறுக்குவதைவிட, முக்கால் பங்கு இறுக்கிய நிலையில் அமைத்து மீதியை முடிப்பது நல்லது. இறுக்க வேண்டிய தூரம் குறைந்தால் ஒதுங்கலும் குறையும்.

ஆர்கா-ஸ்விஸ் நிறுவனம் தன் மோனோபால் என்ற பால்ஹெட்டில் செய்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. அதன் பந்து முழு உருண்டையல்ல, மிகச் சிறிதளவு நீள்வட்டமானது. கேமரா சாயச் சாயப் பந்தின் அகன்ற பகுதி கிண்ணத்துக்குள் திரும்பி நெருக்கத்தைக் கூட்டுகிறது; கவிழ்க்கும் விசை வளரும் அதே வேளையில் அதை எதிர்க்கும் பிடியும் தானாக வளர்கிறது.

செங்குத்துப் படத்துக்காகக் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு பிளவு வெட்டியிருப்பார்கள். தண்டை அதில் படுக்க வைத்தால் கேமரா பக்கவாட்டில் தொங்கும். ஈர்ப்பு மையம் ட்ரைபாட்டின் நடுவிலிருந்து விலகி, ஒரு கால் பக்கமாகச் சுமை சாயும். கேமராவின் அடியையும் பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும் எல் வடிவத் தட்டு இருந்தால், தலையைச் சாய்க்காமலே கேமராவை மட்டும் கழற்றி நிமிர்த்திப் பொருத்திவிடலாம். ஈர்ப்பு மையம் பந்துக்கு நேர் மேலேயே நிற்பதால், சிறிய தலைக்கு இதைவிடப் பயனுள்ள துணைக்கருவி வேறில்லை.