காட்டோர நிலத்தில் சோலார் வேலி: அனுமதி யாருக்கு வேண்டும், எதற்கு?

காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 5 கி.மீ.க்குள் நிலம் இருந்தால், சோலார் வேலி போடுவதற்கு முன் வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். ஏற்கெனவே போட்டிருந்தால் பதிவு செய்ய வேண்டும். 'தமிழ்நாடு மின்வேலிகள் (பதிவு மற்றும் ஒழுங்குமுறை) விதிகள், 2023' சொல்வது சுருக்கமாக இதுதான். கோவை, ஓசூர், தென்காசிப் பக்கம் பல ஊர்கள் முழுதாகவே இந்தத் தூரத்துக்குள் வந்துவிடும்.

அதே 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே ஒரு தோட்டத்து வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. அது சட்டவிரோத மின்வேலி.

சோலார் வேலிக்கும், லைன் மின்சாரத்தை நேரே கொடுக்கும் கரன்ட் வேலிக்கும் கம்பியைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. வித்தியாசம் எனர்ஜைசர் என்ற பெட்டியில் இருக்கிறது. பேனல் பேட்டரியை நிரப்புகிறது, எனர்ஜைசர் அந்த மின்சாரத்தைச் சிறு சிறு துடிப்புகளாகக் கம்பியில் விடுகிறது. ஒரு துடிப்பு நொடியில் நூறில் ஒரு பங்குக்கு மேல் நீடிக்கக் கூடாது, அடுத்ததற்கு ஒரு நொடியாவது இடைவெளி வேண்டும், ஆற்றல் 5 ஜூலுக்குள் இருக்க வேண்டும் என்பது இத்தகைய கருவிகளுக்கான தரம். வோல்ட் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், சுளீரென்று அடித்துவிட்டு அந்த இடைவெளியில் விலகவிடும். வீட்டு லைனின் 230 வோல்ட் அப்படி விடாது. தொடர்ந்து பாய்வதால் தசை இறுகி, தொட்டவர் கையை எடுக்கவே முடியாமல் போகலாம். இரவில் வரப்பில் நடக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் அதே கதிதான்.

அதனால்தான் வேலி அமைத்துத் தரும் நிறுவனங்கள் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 302-2-76 என்ற தரத்தைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்கிறது விதி. வாங்கும்போது எனர்ஜைசரில் இந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். பேருக்குப் பேனலை மாட்டிவிட்டு, இருட்டியதும் பம்பு செட் லைனிலிருந்து கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது, கம்பத்தில் கொக்கி போடுவது எல்லாம் வேறு கணக்கு. யானை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்ற குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். கொக்கி போட்டிருந்தால் மின்திருட்டு வழக்கு தனி.

என் நிலத்துக்கு நான் வேலி போட எதற்கு அனுமதி என்று கேட்பவர்களின் கோபம் புரியாததல்ல. பரணில் தூங்காமல் காத்த கேழ்வரகு ஒரே ராத்திரியில் மிதிபட்டுப் போனால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஓசூர்ப் பக்கம் என்ன நடக்கிறது? கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக ஆண்டுதோறும் யானைக்கூட்டங்கள் இறங்குகின்றன. கேழ்வரகு கதிர் முற்றும் காலம் அது. பழகிய தடத்தை ஒருவர் மறித்தால் கூட்டம் திரும்பிப் போவதில்லை, பக்கத்து வயல் வழியாகப் போகிறது. வேலி எங்கே வரலாம் என்று முன்கூட்டியே பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் என் கருத்தும். அந்தப் பார்வையிடலை இழுத்தடிக்காமல் முடித்துத் தருவது வனத்துறையின் பொறுப்பு. சிறு விவசாயியை இதற்காக நாலு தடவை அலையவிட்டால் அவர் கொக்கியைத்தான் தேடுவார்.

அனுமதி கிடைத்து வேலி போட்டாலும் வேலை முடியாது. புல்லும் கொடியும் கம்பியைத் தொட்டால் மின்சாரம் அதன் வழியாகவே இறங்கிவிடும். கோடையில் மண் காய்ந்தால் எர்த் சரியாகப் பிடிக்காது, அடி குறையும். கொம்பன் தந்தத்தால் கம்பியை வளைத்து அறுத்துவிடும், ஏனென்றால் தந்தத்தில் மின்சாரம் எளிதில் ஏறாது. தந்தமில்லாத ஆண் யானையான மக்னாவும் பெட்டைகளும் கூட மரத்தைத் தள்ளிக் கம்பி மேல் சாய்க்கப் பழகிவிடும். இந்தத் தொல்லைக்காகவே சில இடங்களில் மேலிருந்து கம்பிகளைத் தொங்கவிடும் தொங்கு மின்வேலி போடுகிறார்கள்.

விண்ணப்பம் பற்றி விசாரிக்க முதலில் உங்கள் வனச்சரக அலுவலகத்துக்குப் போங்கள். வேலிக்கான மானியம் வேளாண் பொறியியல் துறையின் விஷயம், அது கிடைத்தாலும் வனத்துறை அனுமதி தனியாக வேண்டும். அப்புறம், வேலியை மீறிப் பயிர் அழிந்தால் இன்னொரு வழியும் வருகிறது: பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் வன விலங்குச் சேதத்தைக் கூடுதல் காப்பாகச் சேர்க்க 2025 நவம்பரில் ஒன்றிய அரசு ஒப்புக்கொண்டது. 2026 காரிஃப் பருவம் முதல் இது அமலாகும், எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். சேதமான 72 மணி நேரத்துக்குள், இடம் பதிவான புகைப்படத்துடன் காப்பீட்டுச் செயலியில் தெரிவிக்க வேண்டும்.