ஆய்வுக்கு ஒரு கிட், களத்துக்கு ஒரு கிட் என்று வைக்காதீர்கள்

ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பதெல்லாம் ஓட்டத்தைப் பற்றித்தான். எவ்வளவு தூரம் ஓட வேண்டும், எத்தனை புஷ்-அப் எடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். உள்ளே போய்ச் சில வாரங்கள் ஆனதும் கேள்வி மாறிவிடும். "சார், இன்ஸ்பெக்ஷனை எப்படிச் சமாளிப்பது?" இன்ஸ்பெக்ஷன் என்றால் உடையையும் கிட்டையும், அதாவது கொடுக்கப்பட்ட உடைமைகளையும், அதிகாரி வந்து பார்வையிடும் ஆய்வு. உடம்பு வலி பழகிப்போகிறது. ஆனால் விடியற்காலையில் கட்டிலருகே விறைத்து நின்று, பெல்ட் பக்கிளில் இருந்த ஒரு விரல்ரேகைக்காகத் திட்டு வாங்குவது அவ்வளவு சீக்கிரம் பழகுவதில்லை. பயிற்சி அதிகாரியாகக் கேடட்களின், அதாவது பயிற்சி பெறுகிறவர்களின், வரிசையில் நடந்து, பூட்ஸையும் பையையும் திறந்து பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது இரண்டு செட் பழக்கத்தைப் பற்றி. ஏறக்குறைய எல்லா பேட்ச்சிலும் இது இருக்கிறது, பெரும்பாலும் சீனியர்கள் சொல்லிக்கொடுத்து வருவது. ஆய்வுக்கென்றே ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு சட்டை, ஒரு தண்ணீர் பாட்டில், ஏன், ஒரு டூத்பிரஷ் உட்படத் தனியாகப் பூட்டி வைத்துவிடுவார்கள். அன்றாடம் உழைப்பது வேறு செட். கேட்கும்போது சாமர்த்தியமான யோசனையாகத்தான் தெரியும். பாதகம் பிறகுதான் தெரியவரும். உழைக்கும் பூட்ஸின் தையல் ஒரு நாள் விட்டுப்போகும். நீண்ட நடைக்கு வேறு வழியில்லாமல் காலுக்குப் பழகாத அந்தப் பளபள பூட்ஸை மாட்டிக்கொண்டு போவார்கள். பாதி வழியிலேயே குதிகால் கொப்புளம் உடைந்திருக்கும். இன்னொரு பக்கம், அவர்கள் உண்மையில் சுமந்து திரியும் கிட்டை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். அதில் கிழிந்த வார், மூடி சரியாக மூடாத பாட்டில், தீர்ந்துபோன பேட்டரி எல்லாம் அப்படியே கிடக்கும். கூடுதல் செட் வைத்துக்கொள்வதில் தவறில்லை. இரண்டையும் மாற்றி மாற்றி உபயோகியுங்கள், இரண்டையும் பராமரியுங்கள். ஒன்றை மட்டும் அலங்காரத்துக்கு என்று ஒதுக்காதீர்கள்.

ஆய்வு என்ற வழக்கம் பளபளப்புக்காக மட்டும் வந்ததல்ல. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் தண்ணீர் தேங்கி நின்றது. ஈரமான சாக்ஸோடும் பூட்ஸோடும் நாள்கணக்கில் நின்ற வீரர்களுக்குப் பாதம் மரத்து, வீங்கி, அழுகத் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் குண்டு படாமலேயே போர்முனையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். பிரிட்டிஷ் படையில் அதற்குக் கண்டுபிடித்த வழி மிக எளிமையானது. தினமும் சாக்ஸ் மாற்ற வேண்டும், காலைத் துடைத்துத் திமிங்கில எண்ணெய் தேய்க்க வேண்டும், அது நடக்கிறதா என்று பிளாட்டூன் எனப்படும் சிறு படைப்பிரிவின் அதிகாரி நேரில் பார்க்க வேண்டும். வீரர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒருவர் காலுக்கு மற்றவரைப் பொறுப்பாக்கிய படைப்பிரிவுகளும் உண்டு. நீங்கள் அதிகாரியாகப் போகிறவர். நாளை முப்பது பேரின் பாதத்தைக் குனிந்து பார்க்க வேண்டியவர். இன்று உங்கள் சாக்ஸை ஒருவர் பார்ப்பது அதற்கான பயிற்சி.

சரி, பூட்ஸுக்கு வருவோம். இதில்தான் நேரம் அதிகம் வீணாகிறது.

கறுப்புத் தோல் பூட்ஸுக்குப் பளபளப்பு வருவது மெழுகால். தோலில் நுண்ணிய துளைகளும் மேடுபள்ளங்களும் இருக்கின்றன. மெழுகு அவற்றை நிரப்பி மட்டமாக்கும்போதுதான் வெளிச்சம் சீராகத் திரும்பி வரும். அதனால் பாலிஷை அள்ளிப் பூசுவதில் பயனில்லை. முதலில் லேஸைக் கழற்றிவிடுங்கள். மேல்தோலும் அடித்தோலும் சேரும் விளிம்பில் மண் ஒளிந்திருக்கும், அதைப் பழைய டூத்பிரஷால் எடுங்கள். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். ஹீட்டர் பக்கத்திலோ கொளுத்தும் வெயிலிலோ வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும், அடிப்பகுதியை ஒட்டியிருக்கும் பசையும் இளகும். காய்ந்தபின் மெல்லிசாக ஒரு பூச்சு. சில நிமிடம் விட்டு பிரஷ். மறுபடி மெல்லிய பூச்சு. அடித்தளம் நன்றாக அமைந்த பிறகு பழைய பருத்தித் துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, துளி பாலிஷும் துளி குளிர்ந்த தண்ணீரும் தொட்டுச் சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். முதலில் மங்கலாகத் தெரியும். அப்போதே பொறுமை இழந்து இன்னும் பாலிஷை அப்புகிறவர்கள்தான் அதிகம். அது வேண்டாம். தண்ணீர் தொட்டு, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் மங்கல் விலகும்.

கண்ணாடிப் பளபளப்பு முனையிலும் குதிகாலிலும் மட்டும் போதும். நடக்கும்போது மடங்குகிற இடத்தில் மெழுகைக் கனமாக ஏற்றினால் பத்தடி நடப்பதற்குள் வெடிப்பு விடும், பார்ப்பதற்கும் அசிங்கம். பாலிஷைச் சீக்கிரம் உருக்க லைட்டரைக் காட்டுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. அந்த டப்பாவில் எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான் கலந்திருக்கிறது. கட்டில்களும் போர்வைகளும் நெருங்கிக் கிடக்கும் பேரக்கில் இதைச் செய்வது பெரிய ஆபத்து, யார் செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள். பயிற்சி நிலையத்தில் கொடுத்திருப்பது பளபளப்பில்லாத சொரசொரப்புத் தோல் பூட்ஸ் என்றால் அதற்குப் பாலிஷே கூடாது. உலர்ந்த பிரஷ் மட்டும்தான்.

உடையிலும் இதே மாதிரி ஒரு வேறுபாடு இருக்கிறது. அணிவகுப்புக்கான உடை வேறு, களத்தில் அணியும் புள்ளி போட்ட உருமறைப்பு உடை வேறு. கேடட்கள் இரண்டையும் ஒரே மாதிரி கஞ்சி போட்டு, கத்தி மாதிரி மடிப்பு வைத்து நிற்பார்கள். இன்றைய பல களச் சீருடைகளின் சாயம், இரவுநோக்குக் கருவியில் துணி சுற்றுப்புறத்தோடு ஒத்துத் தெரியும்படி அகச்சிவப்பு ஒளியைக் கணக்கில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. கஞ்சியும் அதிகச் சூடான இஸ்திரியும் அதைக் கெடுக்கும். துணியை வெள்ளை வெளேரெனக் காட்டும் வேதிப்பொருள் கலந்த சலவைத்தூளும் அப்படித்தான். அதைப் போட்டுத் துவைத்த சட்டை இருட்டில் அந்தக் கருவி வழியே பளிச்சென்று தெரியலாம். அதனால்தான் சில படைகளின் விதிகளில் களச் சீருடைக்குக் கஞ்சி போடக் கூடாது என்றே எழுதியிருக்கிறது. உடையின் உள்பக்கம் தைத்திருக்கும் சலவைக் குறிப்பை முதல் நாளே படித்துவிடுங்கள். மிகச் சிலரே படிக்கிறார்கள்.

அணிவகுப்பு உடையில் ஆய்வாளரின் கண் எங்கே போகும்? சட்டைப் பொத்தான் பட்டியின் ஓரம், பக்கிளின் ஓரம், கால்சட்டை முன்திறப்பின் ஓரம் மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பார். எதிரே வந்து நின்றதுமே தெரிந்துவிடும் விஷயம் அது. அடுத்து கால்சட்டையில் ஒரே மடிப்பா, பழைய மடிப்புக்குப் பக்கத்தில் புது மடிப்பு விழுந்து இரட்டைக் கோடாகிவிட்டதா என்று பார்ப்பார். கம்பளித் துணி என்றால் மேலே ஈரத்துணி விரித்துத் தேயுங்கள், இல்லையென்றால் இஸ்திரிப் பெட்டி பட்ட இடமெல்லாம் மினுமினுக்கும். தொங்கும் நூலை இழுக்காதீர்கள், தையலே கூட வந்துவிடும். சின்னக் கத்தரியால் ஒட்ட வெட்டுங்கள். பேட்ஜையும் பெயர்ப்பட்டையையும் கண்ணளவில் குத்தாமல் ஸ்கேல் வைத்து அளந்து குத்துங்கள், அதுவும் சட்டையைப் போட்டுக்கொண்ட பிறகு ஒரு நண்பரை விட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். படுக்கையில் விரித்தபோது நேராக இருந்த பட்டை, மார்பில் ஏறியதும் சாய்ந்து நிற்கும். சவரத்தில் தப்பிப்போவது பெரும்பாலும் தாடைக்கு அடியிலும் காது மடலுக்குக் கீழேயும். கொண்டை போடும் பெண் கேடட்கள் தொப்பி வைத்த நிலையில் பின்பக்கத்தை இன்னொருவரிடம் காட்டிக்கொள்வது நல்லது.

கிட்டை விரித்துக் காட்டும் ஆய்வு வேறு ரகம். எந்தப் பொருள் எங்கே என்று காட்டும் படத்தில் உள்ளபடி அடுக்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். நான் அடுக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகத் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். புளித்த வாடை வந்தால், அந்தக் கேடட் கடைசியாக வெளியே போய் வந்தபின் கிட்டைத் தொடவே இல்லை என்று அர்த்தம். பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து முழுக்கக் காயவைத்து, மூடியைத் திறந்தபடியே பையில் வையுங்கள். அடுத்து டார்ச்சைப் போட்டுப் பார்ப்பேன். மழைக்கோட்டின் உள்மடிப்பில் கைவிட்டால் ஈரமும் பூஞ்சணமும் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். முதலுதவிக் கட்டின் உறை பிரிந்திருக்கிறதா, காலாவதித் தேதி என்ன? பையின் வார் தையலை இழுத்துப் பார்ப்பேன். இதில் எதற்கும் பாலிஷ் தேவையில்லை. பயிற்சியிலிருந்து திரும்பிய அன்றே அரை மணி நேரம் செலவழித்தவருக்கு எல்லாம் சரியாக இருக்கும். நான்கு நாள் கழித்து ஆய்வு அறிவிப்பு வந்தபின் ஆரம்பிப்பவர் எவ்வளவு முயன்றாலும் அந்த வாடை முழுக்கப் போகாது.

துப்பாக்கியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பயிற்றுநர் சொல்லும் முறைதான் இறுதி. கையில் எடுத்ததும் மேகசினைக் கழற்றி, துப்பாக்கியின் தோட்டா அறையில் (சேம்பர்) தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து விரலால் தொட்டு உறுதிசெய்யுங்கள். சுத்தம் செய்ய உட்கார்ந்திருக்கிறோம் என்பதற்காக இதைத் தவிர்க்கவே கூடாது. குழாயை முடிந்தவரை தோட்டா அறைப்பக்கத்திலிருந்து சுத்தம் செய்யுங்கள். முனைப்பக்கத்திலிருந்து கம்பியைத் தேய்த்துத் தேய்த்து இழுத்தால் முனை விளிம்பு தேய்ந்து குறி கெடும். வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டக் கூடாது என்று உப்புக்காகிதமோ இரும்பு நாரோ போட்டுத் தேய்க்கிறவர்கள் ஆயுதத்தின் மேற்பூச்சையே உரித்துவிடுகிறார்கள். ஆய்வுக்காக எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தெடுத்தால், ஆய்வு முடிந்த கையோடு மெல்லிய எண்ணெய்ப் பூச்சைத் திரும்பக் கொடுங்கள். துரு ஒரே இரவில் பிடித்துவிடும்.

அப்புறம் தூக்கம். போர்வை கலைந்துவிடும் என்று கட்டிலில் படுக்காமல் தரையில் படுப்பது, விடிய விடிய பித்தளை தேய்ப்பது, இதெல்லாம் பெருமையாகப் பேசப்படுகிற கதைகள். அப்படி விழித்தவர் மறுநாள் துப்பாக்கி சுடும் மைதானத்திலும் தடைதாண்டும் பயிற்சியிலும் என்ன நிலையில் இருப்பார் என்று பார்த்திருக்கிறேன். கவனம் சிதறியவர் தனக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்து. பயிற்றுநர்கள் பல நேரம் வேண்டுமென்றே போதாத நேரம் கொடுப்பார்கள். எதை முதலில் செய்கிறீர்கள், எதை விடுகிறீர்கள், யாரோடு சேர்ந்து செய்கிறீர்கள் என்று பார்ப்பதும் அதில் அடக்கம். நன்றாக இஸ்திரி போடத் தெரிந்தவர் நான்கு பேர் சட்டையைத் தேய்க்கட்டும், இன்னொருவர் பக்கிள்களை எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் முதல் சில வாரங்களில் எல்லாவற்றையும் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது தாங்களே செய்து கற்றிருக்க வேண்டும். தன் அறை மட்டும் மின்ன, பக்கத்துக் கட்டில்காரர் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கேடட்டின் பூட்ஸ் எவ்வளவு பளபளத்தாலும் அவரைப் பற்றிய என் குறிப்பு நன்றாக இருந்ததில்லை.

ஆய்வு நாளில் மயங்கி விழுகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நடுவில் கழிவறைக்குப் போக முடியாதே என்று தண்ணீர் குடிக்க மாட்டார்கள், நேரமில்லை என்று காலை உணவையும் விடுவார்கள். அப்புறம் முட்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்பார்கள். கால் தசைகள் இயங்கினால்தான் இரத்தம் மேலே ஏறும். அசையாமல் நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கி, மூளைக்குப் போவது குறைந்து, ஆள் கட்டை மாதிரி முகம் குப்புற விழுவார். பல்லும் தாடையும் உடைந்த கேடட்கள் உண்டு. முட்டியைத் துளி தளர்த்துங்கள். பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி நீட்டுங்கள், கெண்டைக்கால் தசையை இறுக்கி விடுங்கள், வெளியே யாருக்கும் தெரியாது. கண் இருட்டினால், காது அடைத்தால், வியர்த்துக் கொட்டினால் உடனே சொல்லிவிட்டு உட்காருங்கள். அதற்காக உங்களைக் குறைவாக நினைக்கிற பயிற்றுநர், அவர் வேலையைச் சரியாகச் செய்யவில்லை.

ஆய்வாளர் குறை சொன்னால் காரணம் சொல்லத் தொடங்காதீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அவர் நகர்ந்து, அணி கலைந்ததும், சொன்ன குறையைச் சிறு நோட்டில் எழுதிவைத்து அன்று மாலைக்குள் சரிசெய்துவிடுங்கள். பட்டன் தளர்ந்திருந்தால் அன்றே தைத்துவிடுங்கள். அடுத்த ஆய்வில் புதுக் குறை ஒன்று கிடைத்தால் பெரும்பாலான பயிற்றுநர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. போன தடவை சொன்ன அதே பட்டன் மறுபடி தொங்கிக்கொண்டிருந்தால்தான் உங்கள் முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பார்கள்.