ஃப்ளூ ஊசிக்குப் பிறகு அக்கி வந்தால்

மழைக்காலம் நெருங்கும்போது என் கிளினிக்கில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ள வருபவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். சுகர் உள்ளவர்கள், மூச்சிரைப்புக்கு அவ்வப்போது ஸ்டீராய்டு எடுப்பவர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள். இந்தப் பட்டியலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் தேவைப்படும். எப்போதாவது இவர்களில் ஒருவர் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பி வருவார். விலாவில் ஒரு பக்கம் மட்டும் பெல்ட் போட்டதுபோல் கொப்புளங்கள். "இது வரைக்கும் எனக்கு ஒண்ணும் வந்ததில்ல டாக்டர், அந்த ஊசி போட்டதுக்கு அப்புறம்தான்" என்பார்.

சிரித்து ஒதுக்க வேண்டிய பேச்சு அல்ல இது. ஃப்ளூ ஊசி உட்பட வேறு வேறு தடுப்பூசிகளுக்குப் பின் அக்கி வந்ததாக மருத்துவ இதழ்களிலேயே தனித்தனிச் செய்திகள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் "பின்னால் வந்தது" என்பதற்கும் "அதனால் வந்தது" என்பதற்கும் நடுவில் நிறையக் கணக்கு இருக்கிறது.

முதலில் அக்கி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். சின்ன வயதில் சின்னம்மை போட்டபோது உடம்புக்குள் வந்த அதே வேரிசெல்லா ஜோஸ்டர் வைரஸ்தான். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்றாலும் வைரஸ் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒதுங்கிக்கொள்கிறது. அதை அடக்கிவைப்பது டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள். வயதாலோ, சுகர், எச்.ஐ.வி., புற்றுநோய் சிகிச்சை, ஸ்டீராய்டு போன்றவற்றாலோ அந்தக் காவல் தளரும்போது, ஏதோ ஒரு நரம்பின் வழியே வைரஸ் தோலுக்கு இறங்கி வருகிறது. இடமோ வலமோ, ஒரே பக்கம் வருவது அதனால்தான்.

நம் ஊரில் கையில் போடும் ஃப்ளூ ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட இன்ஃப்ளூயன்சா வைரஸின் துண்டுகள். அம்மை வைரஸ் அதில் அறவே கிடையாது. ஆகவே ஊசி அக்கியை "உள்ளே கொண்டுவந்தது" என்பதற்கு வழியே இல்லை. மிஞ்சுவது ஒரே கேள்வி: ஏற்கெனவே உள்ளே இருந்ததை ஊசி கிளப்பிவிட்டதா? தடுப்பூசியைக் கவனிக்கப் போன எதிர்ப்பு மண்டலம் சில நாள் பழைய காவலைக் கோட்டைவிட்டிருக்கலாம் என்று ஓர் ஊகம் உண்டு. படிக்க நன்றாக இருக்கிறது. நிரூபணமாகவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். அமெரிக்கப் புள்ளிவிவரப்படி 60 வயதைக் கடந்தவர்களில் ஆண்டுக்கு நூற்றில் சுமார் ஒருவருக்கு அக்கி வருகிறது. அந்த வயதில் ஒரு லட்சம் பேருக்கு ஃப்ளூ ஊசி போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பதில் வெறும் தண்ணீரைச் செலுத்தினாலும் அடுத்த நான்கு வாரத்தில் ஏறக்குறைய 75 பேருக்கு அக்கி வந்தே தீரும். அந்த 75 பேரும் தங்கள் நாட்காட்டியைப் பார்த்தால் கண்ணில் படுவது ஊசி போட்ட தேதிதான். மேலே சொன்ன பட்டியலையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் தேடிப்பிடித்து ஃப்ளூ ஊசி போடும் ஆட்களும், அக்கி தேடிப்பிடிக்கும் ஆட்களும் ஒரே ஆட்கள்தான்.

கொரோனா தடுப்பூசி வந்தபோது இதே சந்தேகம் பெரிய அளவில் எழுந்தது. 2021இல் வெளியான ஓர் இஸ்ரேல் ஆய்வு, ஃபைசர் ஊசி போட்டவர்களிடம் லட்சத்துக்குச் சுமார் 16 பேர் கூடுதலாக அக்கிக்கு ஆளானதாகச் சொன்னது. மறு ஆண்டு 20 லட்சம் பேரை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வு, அப்படி எந்த உயர்வும் இல்லை என்றது. முதல் ஆய்வு, ஊசி போட்டவர்களைப் போடாதவர்களோடு ஒப்பிட்டது. இரண்டாவது, ஒரே ஆளின் ஊசிக்குப் பிந்தைய சில வாரங்களை அதே ஆளின் வேறு வாரங்களோடு ஒப்பிட்டது. எனக்கு இரண்டாவது முறையில்தான் நம்பிக்கை அதிகம். சுகர் உள்ளவர் இரண்டு பக்கமும் சுகர் உள்ளவராகவே இருக்கிறார் அல்லவா?

ஃப்ளூ ஊசி விஷயத்தில் எனக்கு இன்னொரு யோசனையும் உண்டு. இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்று ஒரு குடும்ப மருத்துவர் இருந்தார். தன் நோயாளிகளிடம் 16 ஆண்டுகளில் கண்ட 192 அக்கி நோயாளிகளின் குறிப்புகளை வைத்து, அக்கி என்பது உடம்பில் தங்கிய பழைய அம்மை வைரஸின் மறுவருகை என்று 1965இல் வாதிட்டவர். அம்மைக்குப் பருவம் உண்டு, அக்கிக்கு இல்லை என்பது அவர் கவனித்தவற்றில் ஒன்று. (இதே மனிதர் வாழ்நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட இன்னொரு நோய் ஃப்ளூ! ஊர் டாக்டரின் நோட்டுப் புத்தகத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று பாருங்கள்.) அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 15 கோடி டோஸ் ஃப்ளூ ஊசி, பெரும்பாலும் செப்டம்பர் முதல் நவம்பருக்குள் போடப்படுகிறது. ஊசி அக்கியைக் கிளப்பும் என்றால் ஒவ்வோர் ஆண்டும் அந்த மாதங்களில் அங்கே அக்கி பொங்கி எழ வேண்டும். அப்படி எழுவதில்லை. சில ஆய்வுகளில் கோடையில் சற்றுக் கூடுவதாகத் தெரிகிறது, அது ஊசி போடாத காலம்.

மிகச் சிறிய உயர்வு இந்தக் கூட்டத்தில் மறைந்துவிடலாமே என்று கேட்டால், மறையலாம் என்றுதான் சொல்வேன். 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் ஊசியால் லட்சத்துக்குச் சுமார் ஒருவருக்குக் கூடுதலாக கியான்-பாரே என்ற நரம்பு வாதம் வந்ததைக் கண்டுபிடித்துத் திட்டத்தையே நிறுத்தினார்கள். அது அபூர்வ நோய் என்பதால் உடனே கண்ணில் பட்டது. அக்கி அப்படியல்ல. ஆனால் கண்ணுக்கே படாத அளவு சிறிய ஆபத்துக்காக, கண்முன் இருக்கும் ஃப்ளூவை வரவேற்க முடியாது. ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு ஆபத்து ஆறு மடங்கு ஏறுகிறது என்று 2018இல் கனடாவின் ஒன்டாரியோ ஆய்வு காட்டியது. ஸ்டென்ட் வைத்தவருக்கு இதைவிட வேறு என்ன சொல்ல?

என் கவலை வேறு இடத்தில். ஊசிமேல் பழி போடுபவர் அடுத்து என்ன செய்கிறார்? ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், சுகர் உள்ளவர். ஊசிக்குப் பின் வந்த கொப்புளம், அதனால் மறுபடி ஆஸ்பத்திரிப் பக்கமே போகக்கூடாது என்று குயவர் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொண்டார். முதுகிலிருந்து மார்பு வரை காவி. என்னிடம் வந்தபோது ஒரு வாரம் ஓடியிருந்தது. வைரஸை அடக்கும் அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் மாத்திரைகள் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. எரிச்சல் மாதக்கணக்கில் நீடித்தது. ரவிக்கைத் துணி பட்டாலே துடித்துப்போவார்.

காவி எழுதுவதை நான் கேலி செய்யவில்லை, ஈரக் காவி குளிர்ச்சி தரும்தான். ஆனால் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அக்கிக் கொப்புளம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் ஆறிவிடும். காவிக்குப் பெயர் கிடைப்பதும் ஊசிக்குப் பழி கிடைப்பதும் ஒரே கணக்குப் பிழையால்.

ஆகவே ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், ஒரு பக்கமாக எரிச்சலும் அதே இடத்தில் கொப்புளமும் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண் டாக்டரையும். பார்வை போகக்கூடிய இடம் அது. கொப்புளம் பொருக்குத் தட்டும் வரை, அம்மை வந்திராத கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் பக்கத்தில் வர வேண்டாம். அவர்களுக்கு அக்கி தொற்றாது, அம்மை தொற்றும். அடுத்த ஆண்டு ஃப்ளூ ஊசியைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

அக்கிக்கென்றே தடுப்பூசி இருக்கிறது. ஷிங்ரிக்ஸ், 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, 50 வயதுக்கு மேல் இரண்டு டோஸ். உயிருள்ள வைரஸ் இல்லாதது. பெரிய ஆய்வில் 90 சதவீதத்துக்கு மேல் தடுத்தது. ஃப்ளூ ஊசியோடு ஒரே நாளில், மறு கையில் போடலாம். விலைதான் பலருக்கு எட்டாது. போட முடிந்தவர்களிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கை நன்றாக வலிக்கும், ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் இருக்கலாம். அதைச் சொல்லாமல் விட்டால், இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் போட வேண்டிய இரண்டாவது டோஸுக்கு ஆள் வருவதில்லை.