சங்கு சொல்லும் பொய் வயது

அழகன்குளம் மேட்டில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் நடந்தால், பானை ஓடுகளுக்கு நடுவே வெள்ளையாக ஏதாவது கண்ணில் படும். பெரும்பாலும் அது சங்குத் துண்டு, வளையல் அறுத்தது போக மிஞ்சியது. வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரில் 1986 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை பலமுறை அகழாய்வு செய்திருக்கிறது. ரோமானியக் காசுகளும், கப்பல் படம் கீறிய பானை ஓடும் இங்கே கிடைத்தவைதான்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரே குழி, ஒரே அடுக்கு. அடுப்புக் கரி ஒன்று, அறுத்த சங்கு ஒன்று. கார்பன் முறையில் வயதைக் கணிக்க இரண்டையும் ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். கரிக்கு 2,300 ஆண்டு என்று முடிவு வருகிறது, சங்குக்கு 2,750. அடுக்கு கலைந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். கலையவில்லை. கரியும் சங்கும் ஒரே காலத்தவையாகவே இருக்கலாம், சங்குதான் தன் வயதைக் கூட்டிச் சொல்கிறது.

காரணம் கடலில் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் நைட்ரஜனோடு மோதிக் கார்பன்-14 உண்டாகிறது. அது கரியமில வாயுவாகிச் செடிக்குள் போகிறது, செடியைத் தின்னும் உயிருக்குள்ளும் போகிறது. உயிர் போனதும் வரவு நின்றுவிடும், இருப்பு மட்டும் கரையும், 5,730 ஆண்டுகளுக்குப் பாதி என்ற கணக்கில். 2,300 வயதுக் கரியில் முக்கால் பங்கு மிஞ்சியிருக்கும். 1940களின் இறுதியில் இந்த முறையைக் கண்டுபிடித்த வில்லார்ட் லிபிக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது.

மரம் காற்றிலிருந்து புதுக் கார்பனை எடுக்கிறது. சங்கு ஓடு கட்டுவது கடல்நீரில் கரைந்த கார்பனைக் கொண்டு. ஆழ்கடல் நீர் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் காற்று முகம் பார்க்காமல் கிடப்பதால் அதில் கார்பன்-14 ஏற்கெனவே குறைந்திருக்கும். அந்த நீர் மேலே வந்து கலக்கும்போது, உயிரோடு இருக்கும் சங்குக்கே சில நூறு வயது ஏறிவிடுகிறது. உலகச் சராசரி 400 முதல் 500 ஆண்டுகள் வரை. கடலுக்குக் கடல் இது மாறும். அரபிக்கடலில் அடிநீர் மேலெழுவது அதிகம் என்பதால் அங்கே வித்தியாசமும் அதிகம். இந்த உள்ளூர்த் திருத்தத்தைக் கண்டுபிடிக்க ஒரு அழகான வழி உண்டு. 1950களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றைக் குழப்புவதற்கு முன்பு, உயிரோடு பிடித்து, பிடித்த ஆண்டைச் சீட்டில் எழுதி அருங்காட்சியகத்தில் வைத்த சிப்பிகளை அளந்து பார்ப்பார்கள். உண்மை வயது தெரிந்ததால் பொய் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

இது தெரியாமல் அட்டவணை தயாரிக்கும் ஒருவர், ஆய்வகம் 1950இலிருந்து பின்னோக்கி எண்ணுவதால், 2,750இலிருந்து 1,950ஐக் கழித்து ‘கி.மு. 800’ என்று எழுதிவிட்டுப் போகலாம். நம்ம ஊருக்கு 450 ஆண்டு பழமை கூடுகிறதே என்று சந்தோஷப்படலாம்தான். ஆனால் அதைக் கொடுத்தது கடல், ஊர் இல்லை.

அகழாய்வுக் காலக்கணிப்புகளைத் திரட்டும் வேலையின் சிக்கலே இங்கேதான். அறிக்கைகளில் சிதறிக் கிடக்கும் எண்களை எக்ஸெலில் ஒட்டுவது ஒரு நாள் வேலை. அந்த எண் எதைச் சொல்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆகும்.

முதலில் பார்க்க வேண்டியது ஆய்வக எண். மாதிரிக்கு அதுதான் ரேஷன் கார்டு எண். 1960களில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அளந்தவை ‘டி.எஃப்.’ என்று தொடங்கும், பிறகு அகமதாபாத்தில் அளந்தவை ‘பி.ஆர்.எல்.’, லக்னோவில் அளந்தவை ‘பி.எஸ்.’. ஒரே கரித்துண்டு மூன்று கட்டுரைகளில் மூன்று விதமாக வரும். ஒன்றில் அளந்த வயது, இன்னொன்றில் திருத்திய கி.மு., மற்றொன்றில் வெறும் நூற்றாண்டு. எண் இல்லையென்றால் ஒரு மாதிரியை மூன்றாக எண்ணிவிடுவோம்.

அப்புறம் அரை ஆயுள், அதாவது கார்பன்-14 பாதியாகக் குறைய ஆகும் காலம். லிபி காலத்தில் 5,568 என்று கணக்கிட்டிருந்தார்கள், பின்னால் 5,730 சரியெனத் தெரிந்தது. ஆனாலும் குழப்பம் வேண்டாம் என்று, ஆய்வகங்கள் இன்றும் பழைய எண்ணிலேயே வயதை அறிவிக்கின்றன. பழைய இந்தியப் பட்டியல்களில் இரண்டு கணக்கும் அருகருகே இருக்கும். மாற்றி எடுத்தால் 2,300 என்பது கிட்டத்தட்ட 2,370 ஆகிவிடும். ‘பி.பி.’ என்று போட்டிருப்பதும் ரத்த அழுத்தம் இல்லை, 1950ஆம் ஆண்டை ‘இன்று’ என வைத்துப் பின்னோக்கி எண்ணிய ஆண்டுகள்.

காற்றில் கார்பன்-14இன் அளவும் எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. அதனால்தான் அளந்த வயதை உண்மையான ஆண்டாக மாற்ற, மர வளையங்களை வைத்து வரைந்த திருத்த வளைகோடு தேவைப்படுகிறது. கடைசியாக 2020இல் அதைப் புதுப்பித்தார்கள், கடலுக்குத் தனிக் கோடும் உண்டு. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு துரதிர்ஷ்டம். கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் அந்தக் கோடு ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. அந்த 400 ஆண்டில் எரிந்த விறகு எதுவானாலும் கிட்டத்தட்ட ஒரே வயதைத்தான் காட்டும். 2019இல் வெளியான கீழடி அறிக்கையில், 353 செ.மீ. ஆழத்து மாதிரிக்குச் சொன்ன கி.மு. 580 இந்தத் தட்டைக்குள்தான் விழுகிறது. அது தவறான ஆண்டு என்று நான் சொல்லவில்லை. அதைத் தனி ஆண்டாக எழுதாமல், அளந்த எண்ணையும் பிழை அளவையும் கூடவே எழுத வேண்டும் என்கிறேன்.

நம் பக்கத்துக்கே உரிய தலைவலி வேலிக்கருவை. அதன் வேர் பழைய அடுக்குகளுக்குள் ஆழமாக இறங்கும். பக்கத்தில் கரிமூட்டம் போட்டிருந்தால் இன்றைய கரித்தூளும் கலக்கும். 2,300 வயதுக் கரியில் நூற்றுக்கு ஐந்து பங்கு இன்றைய கார்பன் சேர்ந்தால், வயது சுமார் 130 ஆண்டு குறைந்துவிடும். ஆய்வகம் அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று கழுவித்தான் அளக்கும். ஆனால் மாதிரியில் வேர் இருந்ததா என்று எழுதி வைக்க வேண்டியது தோண்டியவர். அதற்கும் அட்டவணையில் ஒரு கட்டம் வேண்டும்.

மனிதர் சம்பந்தமே இல்லாத வயதுகளையும் நான் என் அட்டவணையில் சேர்ப்பேன். இராமநாதபுரம் கரையில் கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் பவளப்பாறைகளைப் பற்றி ஆய்வாளர்கள் ஸ்டாடார்ட்டும் கோபிநாத பிள்ளையும் 1972இல் எழுதினார்கள். கார்பன் கணிப்பில் அதன் வயது சுமார் 4,000 ஆண்டு. அன்று கரை எங்கே இருந்தது என்று தெரியாமல், கரையோரம் வாழ்ந்தவர்களை எங்கே போய்த் தேடுவது? பவளமும் கடல் பிறவி என்பதால் சங்குக்குச் செய்த திருத்தம் அதற்கும் உண்டு.

தெற்கே தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரிகளின் சிறு கற்கருவிகள் வேறு வகை. 1956இல் ஆய்வாளர்கள் ஜாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் அவற்றுக்குச் சொன்ன கி.மு. 4000 ஆய்வகத்தில் அளந்தது இல்லை, பழைய கடல்மட்டத்தோடு ஒப்பிட்டு ஊகித்தது. தேரியில் கரி கிடைப்பது அபூர்வம், ஆனால் மணல் ஏராளம். மணல்துகள் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று ஒளிர்வு முறையில் அளக்கலாம். அதில் கிடைப்பது மணல் மூடிய காலம், கருவி செய்த காலம் இல்லை. ஊகம், ஒளிர்வு, கார்பன் மூன்றையும் ஒரே நெடுவரிசையில் போட்டால் குழம்புதான்.

2022இல் வெளியான பி3கே14சி என்ற உலகத் தொகுப்பில் சுமார் 1,80,000 கார்பன் கணிப்புகள் இருக்கின்றன. வட அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதில் நெருக்கியடித்து நிற்கின்றன, நம் பக்கம் வரைபடம் வெளிறிக் கிடக்கிறது.

டி.எஃப். எண்ணும் அளந்த வயதும் பிழை அளவும் உள்ள அறுபது வருடப் பழைய வரியை, 2020 வளைகோட்டில் ஓட்டிப் பார்க்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். ‘சங்கு, கி.மு. 3ஆம் நூற்றாண்டு’ என்று மட்டும் எழுதிய வரிகளும் என் அட்டவணையில் உண்டு. அவற்றுக்குச் சாம்பல் நிறம் அடித்து அடியில் தள்ளி வைத்திருக்கிறேன்.