வணக்கம் சொன்ன சர்வர், போய்ச் சேராத கோப்பு

இராமநாதபுரம் கடற்கரையில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் முதல் பழி உப்புக்காற்றுக்குத்தான். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் லினக்ஸ் கணினிகளைப் பராமரிக்கும் நானும் அதை மறுக்கமாட்டேன். யூஎஸ்பி போர்ட் பச்சை பூத்துக் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஆனால் கட்டளை தட்டும் திரையான டெர்மினலில் எழுத்து கோணலாக வந்தாலோ, கோப்பு போக மறுத்தாலோ, போர்டைக் கழற்றும் முன் பாஷ்ஆர்சி கோப்பைத் திறந்து பாருங்கள். நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் என்ற ஷெல், தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பு அது.

இங்கே கடலுணவு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில், அன்றைய இறால், நண்டு எடைக் கணக்கு இரவில் இன்னொரு சர்வருக்கு எஸ்எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாகப் போகும். திடீரென்று நின்றுவிட்டது. திரையில் 'ரிசீவ்டு மெசேஜ் டூ லாங் 1449225825' என்று பிழை. 'டூ லாங்' என்கிறதே, கோப்பு பெரிதாகிவிட்டது போல என்று நினைத்துக் கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். அப்போதும் அதே எண். கோப்பு சுருங்கியும் எண் மாறவில்லை என்றால், அது கோப்பின் அளவே இல்லை.

அந்த எண்ணை நான்கு பைட்டாகப் பிரித்தால் 86, 97, 110, 97. எழுத்துக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் வி, ஏ, என், ஏ. 'வணக்கம்' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் வரும் முதல் நான்கு எழுத்துகள்! அங்கே வேலை பார்க்கும் தம்பி ஒருவர், உள்ளே நுழைந்ததும் சர்வர் வணக்கம் சொல்லட்டுமே என்று பாஷ்ஆர்சியின் தலையில், திரையில் எழுத்தை அச்சிடும் ஓர் எக்கோ வரியைப் போட்டிருந்தார். எஸ்எஃப்டிபியில் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளம் நான்கு பைட்டில் வரும். அந்த இடத்தில் வணக்கம் வந்து நின்றதால், ஏறக்குறைய 145 கோடி பைட் வரப்போகிறது என்று மறுமுனை நம்பிவிட்டது. 256 கிலோபைட்டுக்கு மேல் அது ஏற்காது, கதவைச் சாத்திவிட்டது. தமிழ் எழுத்திலேயே போட்டிருந்தால் எண் 3769546208 ஆகியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

"நான் எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்தால் எல்லாம் ஒழுங்காகத்தானே இருக்கு?" என்றார் தம்பி. இருக்கும். எஸ்எஸ்ஹெச் என்பது தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி; அப்படி நுழையும் மனிதக் கண்ணுக்கு அது வெறும் வணக்கம். ஆனால் எஸ்எஃப்டிபி போல எஸ்எஸ்ஹெச் வழியாக நிரல்கள் பேசிக்கொள்ளும்போதும் பாஷ் பெரும்பாலும் அதே கோப்பைப் படிக்கிறது. உபுண்டு லினக்ஸ் தரும் பாஷ்ஆர்சியில், ஆள் உட்கார்ந்து தட்டும் அமர்வு இல்லையென்றால் இங்கேயே திரும்பு என்று தொடக்கத்தில் ஒரு காவல் வரி உண்டு. வணக்கம், வண்ணம், தேதி எல்லாவற்றையும் அதற்குக் கீழே வையுங்கள். ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.0 (2022) முதல், கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளையும் உள்ளுக்குள் எஸ்எஃப்டிபியையே பயன்படுத்துவதால் அதிலும் இதே பிழை வரலாம். கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் கொஞ்சம் நாகரிகம்: 'இஸ் யுவர் ஷெல் க்ளீன்?' (உன் ஷெல் சுத்தமா?) என்று நேராகவே கேட்டுவிடும்.

சோதிப்பது எளிது. எஸ்எஸ்ஹெச் வழியாக 'ட்ரூ' கட்டளையை மட்டும் ஓட்டி, வெளியீட்டை ஒரு கோப்பில் பிடியுங்கள். ட்ரூ எதையும் அச்சிடாது. கோப்பு 0 பைட்டாக இல்லையென்றால், யாரோ நடுவில் பேசுகிறார்கள்.

வண்ணமும் இதே சாதிதான். யூடியூப் பார்த்து, வரிகளைத் தேடித் தரும் க்ரெப் கட்டளைக்கு 'கலர் ஆல்வேஸ்' என்று அலையாஸ், அதாவது மாற்றுப்பெயர், வைத்துக்கொள்கிறார்கள். நண்டு வரிகளை மட்டும் பிரித்துக் கோப்பில் சேமித்தால், உள்ளே ^[[01;31m போன்ற குப்பையும் சேர்ந்து போகும். அது எஸ்கேப் என்ற 27ஆம் எண் எழுத்தில் தொடங்கும் நிறக் குறியீடு; வைரஸ் இல்லை. 'ஆல்வேஸ்' இருக்கும் இடத்தில் 'ஆட்டோ' என்று மாற்றினால் நிறம் திரைக்கு மட்டும் போகும். எந்தக் கட்டளைக்கு வேஷம் கட்டியிருக்கிறது என்று 'டைப்' கட்டளை சொல்லிவிடும். கட்டளைக்கு முன் ஒரு \ போட்டால் அலையாஸைத் தாண்டி அசல் ஓடும். எதுவும் பிடிபடாவிட்டால் பாஷை 'நோஆர்சி', 'நோப்ரொஃபைல்' விருப்பங்களோடு திறந்து அதே வேலையைச் செய்யுங்கள். அங்கே சரியாக வந்தால் சிக்கல் உங்கள் அலங்காரத்தில்தான்.

நீளமான கட்டளை அடுத்த வரிக்கு இறங்காமல் அதே வரியின் மேல் ஏறி எழுதுகிறதா? கீபோர்டை மாற்ற வேண்டாம். தட்டும் இடத்துக்கு முன் ஷெல் காட்டும் வரியான பிராம்ப்டில் உள்ள நிறக் குறியீடுகளை \[ \] இரண்டுக்கும் நடுவில் வைக்காவிட்டால், பாஷ் கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்துகளையும் அகலக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். பிராம்ப்டில் ஊர்ப் பெயரைத் தமிழில் வைத்தாலும் இந்தத் தகராறு வரலாம். ஷெல் போடும் அகலக் கணக்கும் திரை வரையும் அகலமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. பாம்பன் என்று தமிழில் பார்த்தே ஆக வேண்டும் என்றால், பிராம்ப்டை இரண்டு வரியாக்கிப் பெயரை மேல் வரியில் வையுங்கள். தட்டும் வரியில் வெறும் $ போதும்.