ஓஎஸ்ஆர் நிலம்: பூங்காவுக்கு விட்ட பத்து சதவீதம் யாருக்குச் சொந்தம்?

தமிழ்நாட்டில் 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்பவரும், அதில் அடுக்குமாடிக் குடியிருப்போ வணிக வளாகமோ எழுப்புபவரும், சாலைக்கு விட்டது போக எஞ்சும் பரப்பில் பத்து சதவீதத்தைப் பொதுமக்களின் பொழுதுபோக்குக்கான திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். ரியல் எஸ்டேட் வட்டாரத்தில் இதை ‘ஓஎஸ்ஆர்’ என்ற சுருக்கப் பெயரால் அழைக்கிறார்கள். 3,000 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 74 சென்ட். சென்னைக் கணக்கில் பதின்மூன்றரை கிரவுண்டு. அதற்கு உட்பட்ட நிலத்துக்கு இந்தக் கடமை இல்லை. சென்னைப் பெருநகரில் அதன் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவும் பிற பகுதிகளில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் திட்ட அனுமதி வழங்கும்போது இதைக் கவனிக்கின்றன. இப்போது நடைமுறையில் இருப்பது, 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்.

நிலம் 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை இருந்தால், இடத்தை ஒதுக்குவதற்கு மாற்றாக, அந்தப் பத்து சதவீதத்துக்கு ஈடான தொகையைப் பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்புப்படி செலுத்தலாம். உதாரணமாக, 6,000 சதுர மீட்டர் நிலத்தில் 600 சதுர மீட்டர் சாலைக்குப் போனால் மீதி 5,400. அதில் பத்து சதவீதம் 540 சதுர மீட்டர், அதாவது சுமார் 5,812 சதுர அடி. வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கட்ட வேண்டிய தொகை 2 கோடியே 32 லட்சத்தைத் தாண்டும். பத்தாயிரம் சதுர மீட்டரை, அதாவது சுமார் இரண்டரை ஏக்கரை, நிலம் தாண்டிவிட்டால் புதிய கட்டுமானங்களுக்குப் பணம் கட்டும் வழி அடைபட்டுவிடும். இடத்தையே உள்ளாட்சி அமைப்பின் பெயருக்கு விலையின்றித் தானப்பத்திரம் மூலம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே கட்டடங்கள் உள்ள வளாகத்தில் கூடுதலாகக் கட்டும்போது, நிற்கும் கட்டடங்களின் அமைப்பால் இடம் ஒதுக்குவது கடினமானால் மட்டும் ஈட்டுத் தொகையை ஏற்க விதியில் இடம் உண்டு. கட்டடத்தைச் சுற்றி விடும் பக்க இடைவெளியை இந்தப் பத்து சதவீதத்தில் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது.

நில உரிமையாளர்கள் நெடுங்காலமாக எழுப்பிவந்த ஆட்சேபம் எளிதில் புரிந்துகொள்ளக்கூடியது. சாலைக்கோ பள்ளிக்கோ அரசு நிலம் எடுத்தால் இழப்பீடு தருகிறது. இங்கே மட்டும் அனுமதி வேண்டுமானால் நிலத்தை இலவசமாகக் கொடு என்பது, சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தும் பறிக்கப்படக் கூடாது என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 300ஏ பிரிவுக்கு முரணானதல்லவா என்பதே அது. டெல்லி மாநகராட்சி தொடர்பான சேத் ராம் வசிஷ்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவர்களுக்குச் சாதகமாகத் தோன்றும் தீர்ப்பு ஒன்றை அளித்திருந்தது. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுப்பதற்காகவே பூங்கா நிலத்தை இலவசமாகத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி கேட்க, டெல்லி மாநகராட்சிச் சட்டத்தில் அதிகாரம் எதுவும் தரப்படவில்லை என்று அதில் கூறப்பட்டது. ஆனால், பூங்கா என்று வரைபடத்தில் காட்டப்பட்ட இடத்தை உரிமையாளர் வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இந்த இரண்டாவது பகுதியை வசதியாக மறந்துவிட்டு முதல் பகுதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் இன்றும் உண்டு.

தமிழ்நாட்டின் நிலை வேறு. இங்கே இலவச ஒப்படைப்பு வெளிப்படையாக விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வசந்த் அபார்ட்மெண்ட்ஸ் உரிமையாளர் சங்க வழக்கில் 2023 பிப்ரவரி 13 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பத்து சதவீத ஒதுக்கீட்டைக் கோரும் சென்னை வளர்ச்சி விதி செல்லத்தக்கதே என்று உறுதிசெய்தது. ஆகவே, இழப்பீடு கேட்டு இந்த விதியின் அடிப்படையையே எதிர்க்கும் வழக்குகளுக்கு இனி அதிக வாய்ப்பில்லை. எஞ்சியிருப்பவை பரப்பளவுக் கணக்கு, இடத்தின் அமைவு, தொகை நிர்ணயம் போன்ற தனித்தனிச் சர்ச்சைகள்தாம்.

நடைமுறையில் அதிகத் தொல்லை தருவது விதியல்ல, ஆவணம். புதிய திட்டங்களில் தானப்பத்திரம் பதிவான பிறகே இறுதி அனுமதி கைக்கு வருவதால் சிக்கல் குறைவு. பழைய மனைப்பிரிவுகளில் வரைபடத்தில் பச்சை வண்ணத்தில் ‘பூங்கா’ என்று இருக்கும். ஆனால் தானப்பத்திரம் எழுதப்பட்டிருக்காது, அல்லது எழுதிய பிறகும் பட்டா உள்ளாட்சியின் பெயருக்கு மாற்றப்பட்டிருக்காது. மனை விற்றவர் இறந்தபின் வாரிசுகள், தந்தை பெயரில் இன்னும் பட்டா இருக்கிறதே என்று, அந்த இடத்தை இரண்டு மூன்று மனைகளாக்கி விற்றுவிடுகிறார்கள். வாங்கியவருக்குக் கிரயப் பத்திரம் கிடைக்கும், வில்லங்கச் சான்றில் குறை ஒன்றும் தெரியாது. கட்டட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் அது பூங்கா என்று தெரியவரும். இதில் வாரிசுகளின் பேராசையைக் காட்டிலும், தனக்கு வந்த நிலத்துக்குப் பட்டா மாற்றிக்கொள்ளாமலும் வேலி போடாமலும் இருந்த உள்ளாட்சியின் அசட்டையே பெரிய காரணம் என்பது என் கருத்து.

உள்ளாட்சிக்கும் அந்த நிலத்தின்மேல் கட்டற்ற உரிமை இல்லை. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை, முத்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் ஏற்க மறுத்தது. மருத்துவமனையும் மக்களுக்குப் பயன்படுவதுதானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பூங்காவுக்கென்று கொடுத்த நிலத்தில் வணிக வளாகம் எழும்பினால், அப்பகுதிவாசிகள் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம்.

அடுக்குமாடியில் வீடு வாங்குவோர் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, யுடிஎஸ் எனப்படும் பிரிபடாத நிலப் பங்கு. தானமாக எழுதிக் கொடுத்த பரப்பையும் சேர்த்துப் பங்கைக் கணக்கிட்டிருந்தால், பத்திரத்தில் உள்ள அளவுக்கு நிலத்தில் இடம் இராது. ஆகையால் மொத்தப் பரப்பிலிருந்து தானப்பத்திரத்தில் உள்ள பரப்பைக் கழித்துப் பார்க்க வேண்டும். மற்றொன்று, விளம்பரம். ‘குடியிருப்போருக்கு மட்டுமான பூங்கா’ என்று காட்டப்படும் இடம் ஓஎஸ்ஆராக ஒப்படைக்கப்பட்டிருந்தால் அது மாநகராட்சியின் நிலம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி குடியிருப்போர் சங்கத்துக்குச் சேரும் பொதுப் பகுதியில் அது அடங்காது. சுற்றுச்சுவருக்குள் அடைத்து வாயிற்காவலர் வைத்தாலும் அக்கம்பக்கத்தாரின் உரிமை போய்விடாது. தவறான விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்து நட்டப்பட்டவர், அச்சட்டத்தின் 12ஆம் பிரிவின்கீழ் இழப்பீடு கோரலாம்.

வாங்குமுன், திட்ட அனுமதி எண்ணைக் கேட்டுப் பெற்று, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலையும் தானப்பத்திரத்தின் எண்ணையும் உரிய அலுவலகத்தில் சரிபார்க்க வேண்டும். விற்பவர் தர மறுத்தால், 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநகராட்சியிடமோ திட்டக் குழுமத்திடமோ கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். விண்ணப்பத்தில் சர்வே எண்ணுடன் அதன் உட்பிரிவு எண்ணையும் குறிப்பிடுவது நல்லது. உட்பிரிவு இல்லாத விண்ணப்பங்களுக்கு ‘விவரம் தெளிவாக இல்லை’ என்ற பதில் வந்து ஒரு மாதம் வீணாகும்.