வெப்பத்தாக்கு: பக்கவாதமும் இல்லை, வெப்பவாதமும் இல்லை

கோடை வந்தால் போதும், 'வெப்ப பக்கவாதத்தால் இருவர் பலி' என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். நடுவே வரவேண்டிய 'ப்' கூட இல்லை, அது கிடக்கட்டும். இறந்தவருக்குக் கைகால் இழுத்துக்கொண்டதா என்ன? மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ உடம்பின் ஒரு பக்கம் விழுவதுதான் பக்கவாதம். இவர்கள் இப்படித் தமிழாக்கும் ஹீட் ஸ்ட்ரோக் வேறு. உடம்பால் தன் சூட்டைத் தணித்துக்கொள்ள முடியாமல், உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, மூளை குழம்பி, உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடும் நிலை அது.

ஸ்ட்ரோக் என்றால் அடி, தாக்கு. அடித்துப் போட்டதுபோல ஆள் சாய்வதால் இரண்டு நோய்க்கும் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டினால் வேறென்ன வரும்?

'பக்க'த்தை மட்டும் வெட்டிவிட்டு 'வெப்பவாதம்' என்பவர்கள் தங்களைத் திருத்தமானவர்களாக நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இவர்கள்மேல்தான் கோபம் அதிகம். சித்த மருத்துவத்தில் வாதம் என்பது வளி, அதாவது காற்று. சூட்டுக்கு உரியது பித்தம், அதாவது அழல், தீ. வெப்பத்தால் வந்த கேட்டுக்கு வளியின் பெயரா? சித்த மருத்துவம் தெரியாதவர் காதிலோ அது தீவிரவாதம், பிரிவினைவாதம் வரிசையில் ஒரு கொள்கையாக விழும். 'வெயிலின் தாக்கம்' என்பதும் உதவாது. அது வானிலை அறிக்கையில் தேய்ந்துபோன தொடர். மேலும், மூடிய அறையிலும் உலை அருகிலும் வெயிலே படாமல் சாகிறார்கள். மின்னல் தாக்கியது என்கிறோமே, அதே தாக்குதான் இங்கும் வேண்டும்: வெப்பத்தாக்கு.

இது இறப்புச் சான்றுவரை போகிற சொல். வெப்பத்தாக்கில் மாண்டவரின் உடலைத் திறந்து பார்த்தால், இதற்கே உரிய அடையாளம் என்று எதுவும் அகப்படாது. நுரையீரலில் நீர்க்கோப்பு, புள்ளி புள்ளியாக ரத்தக்கசிவு எல்லாம் வேறு சாவுகளிலும் உண்டு. அதனால் சாவின் காரணத்தை ஆராயும் சட்ட மருத்துவர், ஆள் சரிந்தபோது உடல் எவ்வளவு கொதித்தது, அறை எப்படி இருந்தது, சன்னல் திறந்திருந்ததா, என்ன மருந்து சாப்பிட்டுவந்தார் என்று விசாரித்து, மற்றக் காரணங்களைத் தள்ளியே முடிவுக்கு வருவார். அமெரிக்கச் சட்ட மருத்துவர்கள் 1997இல் வகுத்த வரையறையில் சரிந்தபோது உடல் வெப்பம் 40.6 டிகிரியோ அதற்கு மேலோ இருக்கவேண்டும், அளவு கிடைக்காவிட்டால் சூழலே சாட்சி. 1995 சிகாகோ வெப்ப அலையில் தலைமைச் சட்ட மருத்துவர் எட்மண்ட் டோனகியூ சூழலையும் சேர்த்துத்தான் கணக்கெடுத்தார். எண்ணிக்கை மிகை என்று மேயரே சந்தேகப்பட்டார்.

இதய நோயாளியைச் சூடு சாவுக்குத் தள்ளிவிட்டால் அது வெப்பத்தாக்கு ஆகாது; அங்கே 'வெப்பம் சார்ந்த இறப்பு' என்று எழுதலாம். பேச்சில் ஹீட் ஸ்ட்ரோக் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், குற்றமில்லை. தமிழில் எழுதுகிறேன் பேர்வழி என்று பக்கவாதத்தை மட்டும் இழுக்காதீர்கள்.